பனிக்கடலில் வழி கண்டவர்

எங்கள் ஊர் பத்து பாகாட். மலாய்மொழியில் ‘பத்து’ என்றால் கல். ‘பாகாட்’ என்றால் உளி. ஊருக்கு வெளியே கடலோரத்தில் மின்யாக் பெக்கு என்றொரு மீனவர் குடியிருப்பு உண்டு. அதன் பெயருக்கு உறைந்த எண்ணெய் என்று பொருள். அங்குள்ள பாறைகளில் உட்கார்ந்து பார்த்தால் மலாக்கா நீரிணையில் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவது தெரியும். நான் தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா தூண்டிலோடு என்னையும் அங்கே அழைத்துப் போவார். அவர் மீனுக்குக் காத்திருப்பார். நான் கப்பல்களை எண்ணிக் கொண்டிருப்பேன்.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலில் ஏற்றிய கொள்கலன்கள் அலையில் சரியாதபடி இரும்புத் தண்டுகளால் இறுக்கிக் கட்டும் வேலை. விடியும் முன்பே வேன் வந்து அழைத்துப் போகும். சென்ற பருவ விடுமுறையில் நான் வீட்டுக்குப் போயிருந்தபோது அவர் நாளேட்டில் ஒரு செய்தியைக் காட்டினார். வடதுருவத்தில் பனி உருகி வருகிறது, ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் கப்பல்கள் இனி அந்த வழியே போகலாம் என்று அதில் போட்டிருந்தது. அப்படிப் போய்விட்டால் நம் நீரிணை என்னாகும், தன் வேலை என்னாகும் என்று அப்பா கேட்டார். தங்கை இன்னும் நான்காம் படிவம். என் கல்விக் கடனோ அப்படியே நிற்கிறது. மூன்றாண்டுகளாகப் புவியியல் படிக்கிறேன். ஆனாலும் அவர் கேட்டதற்கு என்னால் ஒரு வரிகூடப் பதில் சொல்ல முடியவில்லை. மிகவும் வெட்கமாக இருந்தது.

பல்கலைக்கழகத்துக்குத் திரும்பியதும் நூலகத்தில் தேடத் தொடங்கினேன். புள்ளிவிவரம் தேடிப் போன எனக்கு ஒரு மனிதர் கிடைத்தார். கப்பல் என்றாலே நமக்கெல்லாம் கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரம் பிள்ளைதான் நினைவுக்கு வருவார். அவர் மறைந்த நாள் 1936 நவம்பர் 18. நான் கண்டெடுத்த மனிதர் பிறந்த நாளும் அதே நவம்பர் 18தான், ஆண்டு 1832. அவர் பெயர் அடால்ஃப் எரிக் நோர்டென்ஷோல்ட். ஐரோப்பாவையும் ஆசியாவையும் வடக்கே பிரிக்காமல் சூழ்ந்து கிடக்கும் உறைகடலின் ஓரமாக, அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக் வரை முதன்முதலில் கப்பலைக் கொண்டு சென்றவர். அவருடைய வாழ்க்கையை நம் பேரவை நண்பர்களோடு பகிர்ந்து கொள்ளவே இதை எழுதுகிறேன்.

நோர்டென்ஷோல்ட் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் பிறந்தார். அன்று பின்லாந்து ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. நாட்டில் பெரும்பாலோர் பேசியது பின்னிஷ் மொழி, ஆண்டவர்களின் மொழி ரஷ்ய மொழி, இவர் வீட்டு மொழியோ சுவீடிஷ். வீட்டில் ஒரு மொழி, கடைத்தெருவில் ஒரு மொழி, அரசாங்கத்திடம் ஒரு மொழி என்று வளர்ந்த பிள்ளை அவர். இதை நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

தந்தை நில்ஸ் குஸ்தாஃப் பெயர்பெற்ற கனிமவியல் அறிஞர். நாட்டின் சுரங்கத் துறைக்குத் தலைவர். வீடு முழுக்கக் கற்களும் கனிமங்களும் பூச்சி சேகரிப்புகளுமாக நிறைந்திருந்தது. சிறுவன் அடால்ஃப் தந்தையின் ஆய்வுப் பயணங்களில் கூடவே சென்று, கையில் சுத்தியலோடு கல்லைத் தட்டிப் பார்க்கக் கற்றுக் கொண்டான். ஆனால் போர்வூ நகரப் பள்ளியில் சேர்த்தபோது நிலைமை வேறாக இருந்தது. முதலில் அவன் படிப்பில் தேறவே இல்லை. சோம்பேறி என்ற பெயர்தான் கிடைத்தது. பெற்றோர் திட்டி அடக்கப் பார்க்கவில்லை; கண்காணிப்பைத் தளர்த்திப் பொறுப்பைப் பிள்ளையிடமே விட்டார்கள். அதன்பிறகு தன்மானம் விழித்துக் கொண்டது, படிப்பும் வந்தது.

இந்த இடத்தை வாசித்தபோது என் புகுமுக வகுப்பு நினைவுக்கு வந்தது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் முதல் வரிசையில் உட்கார்ந்தவன், தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் மலாய்மொழியில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வாய் வராமல் தலைகுனிந்து நின்றேன். அந்த ஓராண்டில் என்னை ஒருவரோடும் ஒப்பிடாமல் விட்டுவைத்த அம்மாவுக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். நம்மில் பலருக்கும் இப்படி ஓர் ஆண்டு இருந்திருக்கும்.

1849-இல் நோர்டென்ஷோல்ட் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து கனிமவியல், வேதியியல், கணிதம் பயின்றார். 1853-இல் தந்தையுடன் யூரல் மலைச் சுரங்கங்களுக்குச் சென்று வந்தார். பட்டமும் பதவியும் கைக்கு வந்த வேளையில்தான் சோதனை வந்தது. கிரிமியப் போர் நடந்து கொண்டிருந்த 1855-இல், மாணவர் விருந்து ஒன்றில் நிகழ்ந்த உரைகள் ரஷ்ய அதிகாரிகளின் காதுக்கு எட்டின. அதில் கலந்து கொண்ட இவர் பதவியை இழந்தார். 1857-இல் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் மீண்டும் பேசினார். சுவீடனோடு பின்லாந்துக்கு இருந்த பழைய உறவை அவர் நினைவுகூர்ந்த விதம் ரஷ்ய ஆளுநருக்கு அரச துரோகமாகப்பட்டது. இருபத்து நான்கு வயது இளைஞர் பிறந்த மண்ணை விட்டுச் சுவீடனுக்குப் போக வேண்டியதாயிற்று.

மறு ஆண்டே, 1858-இல், ஸ்டாக்ஹோமில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அவரைக் கனிமவியல் பிரிவின் தலைவராக நியமித்தது. அதே ஆண்டில் வடக்கே ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுகளுக்கு முதல் பயணம் சென்றார். பிறகு 1861, 1864, 1868 எனப் பயணங்கள் தொடர்ந்தன. 1868-இல் ‘சோஃபியா’ என்ற கப்பலில் வட அகலாங்கு 81 பாகை 42 கலை வரை சென்றார். 1872-இல் வடதுருவத்தையே எட்டிவிடும் நோக்கத்தோடு புறப்பட்டு, ஸ்பிட்ஸ்பெர்கனில் குளிர்காலம் முழுக்கத் தங்கினார். அந்தப் பயணம் அவருக்குக் கசப்பான பாடம். துணைக்கு வந்து திரும்பிப் போக வேண்டிய இரண்டு கப்பல்களும் பனியில் மாட்டிக் கொண்டன. சிலருக்கெனக் கொண்டு போன உணவைப் பலரும் பங்கிட வேண்டி வந்தது. சறுக்குவண்டி இழுக்கக் கொண்டு போன கலைமான்களும் பனிப்புயலில் ஓடிவிட்டன. துருவம் கைக்கு எட்டவில்லை.

வீரச்செயலுக்காக மட்டும் உயிர்களைப் பணயம் வைப்பதைவிட, மக்களுக்குப் பயன்படும் வழி ஒன்றைக் கண்டுபிடிப்பதில் அதன்பிறகு அவர் கவனம் சென்றது. அவர் கண் காரா கடலின் மேல் விழுந்தது.

ஏன் காரா கடல்? சைபீரியாவின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஓப், யெனிசெய், லேனா என்ற மூன்று மாபெரும் ஆறுகளும் வடக்கு நோக்கி ஓடி உறைகடலில் கலக்கின்றன. ஆற்றங்கரைகளில் கோதுமை விளைந்தது. காடும் கனிமமும் இருந்தன. ஆனால் விளைந்ததை வெளியே கொண்டு போக வழியில்லை. சைபீரிய ரயில்பாதையின் வேலை தொடங்கியதே 1891-இல்தான். அதுவரை சரக்கெல்லாம் குதிரை வண்டியிலும் சறுக்குவண்டியிலும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போக வேண்டும். ஆற்றின் வாய் வழியே கப்பல் வர முடிந்தால் ஒரு கண்டத்தின் கதவே திறந்துவிடும்.

அந்தக் கதவைத் தட்டிப் பார்த்தவர்கள் பலர். 1553-இல் வடகிழக்கு வழியாகச் சீனாவுக்குப் புறப்பட்ட ஆங்கிலேயர் வில்லோபியும் அவருடன் இருந்த மாலுமிகளும் குளிர்காலத்தில் மாண்டார்கள். டச்சுக்காரர் வில்லெம் பேரன்ட்ஸ் 1597-இல் உயிரிழந்தார். ரஷ்யாவின் வடகடல் வணிகர்கள் சிறு படகுகளில் மங்கசேயா என்ற சந்தைக்குப் போய் வந்தார்கள். அந்நியர் நுழைந்துவிடுவார்களோ என்ற அச்சத்தில் 1619-இல் ரஷ்ய அரசே அந்தக் கடல்வழிக்குத் தடை விதித்தது. 1742-இல் செல்யூஸ்கின் என்பவர் ஆசியாவின் வடகோடி முனையைச் சறுக்குவண்டியில் போய்த் தொட்டார். ஆனால் கப்பல் எதுவும் அந்த முனையைத் தாண்டவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் படித்தவர்கள் பலரும் காரா கடலைப் பனிக்கட்டிகள் அடைந்து கிடக்கும் கிடங்கு என்றே கருதினார்கள்.

நோர்டென்ஷோல்ட் படித்தவர்களின் முடிவை அப்படியே ஏற்கவில்லை. வால்ரஸ் வேட்டைக்குப் போன நார்வே மீகாமன்கள் 1869 முதல் காரா கடலில் நுழைந்து திரும்பிக் கொண்டிருந்தார்கள். பட்டம் இல்லாத அந்த மனிதர்களின் குறிப்புகளை அவர் மதித்துப் படித்தார். பிறகு ஒரு காரணத்தையும் கண்டார். கோடையில் சைபீரிய ஆறுகள் தெற்கிலிருந்து வெதுவெதுப்பான நீரை வெள்ளமாகக் கொண்டு வந்து கடலில் கொட்டுகின்றன. பூமி சுழல்வதால் அந்த நீரோட்டம் வலப்பக்கமாக, அதாவது கிழக்கே திரும்பிக் கரையோரமாகப் போகும். எனவே ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் கரையை ஒட்டிப் பனியில்லாத ஒரு வாய்க்கால் இருந்தாக வேண்டும். நடுக்கடலில் பனியோடு மோதாமல் கரையோரமாகவே போனால் வழி உண்டு. இதுதான் அவர் கணக்கு.

கணக்கு சரியா என்று 1875-இல் ‘புரோவென்’ என்ற சிறு பாய்மரக் கப்பலில் போய்ப் பார்த்தார். யெனிசெய் ஆற்று வாயை அடைந்தார். அங்கே கண்ட நல்ல இயற்கைத் துறைமுகத்துக்குத் தம் பயணங்களுக்குப் பணம் தந்த கோதன்பர்க் வணிகர் ஆஸ்கர் டிக்சனின் பெயரைச் சூட்டினார். டிக்சன் துறைமுகம் இன்றும் அதே பெயரில் இருக்கிறது. அந்த ஆண்டு பனி குறைவு, அதிர்ஷ்டம் அடித்துவிட்டது என்று சிலர் சொன்னார்கள். அவர் வாதாடிக் கொண்டிருக்கவில்லை. 1876-இல் அமெரிக்காவில் பிலடெல்பியா கண்காட்சிக்குப் போய் வந்த கையோடு ‘யூமர்’ என்ற நீராவிக் கப்பலில் சரக்கை ஏற்றிக் கொண்டு மறுபடியும் யெனிசெய்க்குப் போய்த் திரும்பினார். ஒரு முறை நடந்தால் அதிர்ஷ்டம் எனலாம். சரக்கோடு மறு ஆண்டும் நடந்தால் அது வணிகப் பாதை.

1877-இல் முழுப் பாதைக்குமான திட்டத்தை எழுதினார். செலவை மூவர் ஏற்றார்கள். ஒருவர் சுவீடன் மன்னர் இரண்டாம் ஆஸ்கர். இன்னொருவர் டிக்சன். மூன்றாமவர் சைபீரியாவின் இர்குட்ஸ்க் நகரைச் சேர்ந்த தங்கச் சுரங்க அதிபர் அலெக்சாண்டர் சிபிரியகோவ். தம் ஊர் விளைச்சலுக்குக் கடல் வழி வேண்டும் என்ற ஏக்கம் சிபிரியகோவுக்கு இருந்தது.

கப்பலின் பெயர் வேகா. ஜெர்மனியில் திமிங்கில வேட்டைக்காகக் கட்டப்பட்டது. நீளம் ஏறக்குறைய 43 மீட்டர். இன்று அப்பா கட்டும் கொள்கலன் கப்பல்கள் 400 மீட்டர் வரை நீளம். வேகாவில் பாய்களோடு 60 குதிரைத்திறன் கொண்ட நீராவி எஞ்சினும் இருந்தது. கப்பல் தலைவர் லூயி பலாண்டர். மொத்தம் 30 பேர். 1878 ஜூலை 21-இல் நார்வேயின் துரோம்சோவிலிருந்து வேகா புறப்பட்டது. உடன் சென்றவை மூன்று சரக்குக் கப்பல்கள். அவற்றில் ‘ஃபிரேசர்’, ‘எக்ஸ்பிரஸ்’ என்ற இரண்டும் ஆணி, குதிரை லாடம், இரும்பு, புகையிலை, உப்பு ஆகியவற்றை யெனிசெய்க்குக் கொண்டு போயின. திரும்பும்போது கோதுமையும் கொழுப்பும் ஏற்றி வந்தன. சாதனைப் பட்டியல்களில் இந்த ஆணியும் உப்பும் இடம் பெறுவதில்லை. ஆனால் கப்பல்கள் போவது இவற்றுக்காகத்தானே!

ஆகஸ்டு 19-இல் வேகாவும் ‘லேனா’ என்ற சிறு கப்பலும் செல்யூஸ்கின் முனையை அடைந்தன. ஆசியாவின் வடகோடியைக் கப்பல் தொட்டது வரலாற்றில் அதுவே முதல் முறை. ஆகஸ்டு இறுதியில் லேனா ஆற்று வாயில் சிறு கப்பல் பிரிந்து சென்று, ஆற்றின் மேலேறி யாகுட்ஸ்க் நகரைச் சேர்ந்தது. வேகா தனியே கிழக்கு நோக்கிப் போனது.

பெரிங் நீரிணை நெருங்கியது. அதைக் கடந்தால் பசிபிக். ஆனால் செப்டம்பர் 28-இல் கோல்யூச்சின் வளைகுடாவுக்குக் கிழக்கே கப்பலைச் சுற்றிக் கடல் உறைந்தது. திறந்த நீராக இருந்தால் ஒரு நாள் பயணத்துக்கும் குறைவான தூரந்தான் மிச்சம். வழியில் ஆய்வுக்காக நின்ற இடங்களில் சில மணி நேரம் குறைத்திருந்தால் தப்பியிருக்கலாம் என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. தேர்வு மண்டபத்தில் கடைசிப் பக்கம் எழுதாமல் விடும் நமக்கு அந்த வருத்தம் புரியும். அங்கே 294 நாள் சிறை.

அந்தக் கரையில் சுக்சி என்ற பழங்குடி மக்கள் வாழ்ந்தார்கள். கடல்நாய் வேட்டையும் மீன்பிடியும் அவர்கள் வாழ்வு. நாள்தோறும் கப்பலுக்கு வந்தார்கள். வேட்டை கிடைத்தபோது இறைச்சியும் மீனும் தந்தார்கள்; குளிர்காலத்தில் அவர்களுக்குப் பஞ்சம் வந்தபோது கப்பலின் சமையலறையிலிருந்து உணவு போனது. மென்கா என்ற கலைமான் மேய்ப்பர் தலைவரிடம் கொடுத்தனுப்பிய கடிதம் பனிவெளியைக் கடந்து, 1879 மே மாதம் ஊர் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகுதான் வேகா உயிரோடிருப்பது சுவீடனுக்குத் தெரிந்தது. கப்பலில் இருந்த பின்லாந்துக்காரர் நோர்ட்குவிஸ்ட் அந்த மாதங்களில் சுக்சி மொழியைக் கற்று, அதன் சொற்களைத் தொகுத்தார். மொழிக் கழகத்தில் இருக்கும் நமக்கு இந்தச் செய்தி இனிக்கும். எழுத்தில்லாத சிறு மக்களின் மொழியை உறைந்த கப்பலில் உட்கார்ந்து ஒருவர் எழுதி வைத்திருக்கிறார்.

குளிர் சுழியத்துக்குக் கீழே 45 பாகைக்கும் இறங்கியது. ஆயினும் ஒருவரும் இறக்கவில்லை. வடகடல் பயணிகளைக் கொல்லும் ஸ்கர்வி நோயும் தலைகாட்டவில்லை. உணவு, உடை, உடற்பயிற்சி, வேலை நேரம் எல்லாமே முன்னரே கணக்கிட்டு வைத்த ஏற்பாடு அது. 1879 ஜூலை 18-இல் பனி விட்டது. ஜூலை 20-இல் வேகா ஆசியாவின் கீழ்க்கோடியைக் கடந்து பெரிங் நீரிணைக்குள் நுழைந்தது. முன்னூறு ஆண்டுகளாகப் பலர் தேடி மாண்ட வழி திறந்தது. செப்டம்பர் 2-இல் ஜப்பானின் யோக்கஹாமாவை அடைந்து உலகுக்குத் தந்தி கொடுத்தார்கள். ஜப்பானில் அவர் பழைய நூல்களை ஆயிரக்கணக்கில் வாங்கிச் சேர்த்தார்.

நண்பர்களே, இதற்குப் பிறகு வரும் வரிகளைத்தான் நான் நூலகத்தில் இரண்டு முறை படித்தேன். வேகா வந்த வழியே திரும்பவில்லை, தெற்கே இறங்கியது. ஹாங்காங் கடந்து, நவம்பரில் இன்று நம் கூட்டரசுப் பிரதேசமாக இருக்கும் லாபுவான் தீவுக்கு வந்தது. அங்கே நிலக்கரிச் சுரங்கத்தையும் தொல்தாவரப் படிவுகளையும் அவர் பார்த்தார். நவம்பர் 28-இல் சிங்கப்பூர். டிசம்பர் 4-இல் அங்கிருந்து புறப்பட்டு மலாக்கா நீரிணை வழியே இலங்கையின் காலித் துறைமுகத்துக்குச் சென்றது. அப்படியானால் 1879 டிசம்பரின் முதல் வாரத்தில், பனியில் பத்து மாதம் நின்ற கப்பல், மின்யாக் பெக்கு பாறைகளுக்கு எதிரே உள்ள கடலில் போயிருக்கிறது! அப்போது எங்கள் நகரம் இல்லை. மகாராஜா அபு பக்கார் ஆட்சியில் காடாகவும் சதுப்பாகவும் கிடந்த கரை அது; 1890களில்தான் டத்தோ பெந்தாரா லுவார் முகமது சாலே நகரை அமைத்தார்.

இலங்கையில் இரத்தினபுரியின் மாணிக்கக் குழிகளைப் பார்த்தார். பாலி மொழி ஓலைச்சுவடிகளைச் சேகரித்தார். சூயஸ் கால்வாய் வழியே சென்று 1880 ஏப்ரல் 24-இல் ஸ்டாக்ஹோமை அடைந்தபோது நகரமே விளக்கேற்றி வரவேற்றது. மன்னர் அவருக்குப் பிரபு பட்டம் அளித்தார். ஐரோப்பா, ஆசியா இரண்டையும் முழுதாகச் சுற்றி வந்த முதல் கப்பல் வேகா.

அவரைப் புகழ்ந்து மட்டும் எழுதினால் அது வரலாறாகாது. வேகா உறைந்து கிடந்த நாள்களில் அதைத் தேடும் பணியையும் சேர்த்துக் கொண்டு ‘ஜீனட்’ என்ற அமெரிக்கக் கப்பல் வடக்கே போனது. வேகா அதற்குள் தப்பிவிட்டது; ஜீனட் 1881-இல் பனியில் நொறுங்கியது. 33 பேரில் 20 பேர் மாண்டார்கள். நோர்டென்ஷோல்ட் காரணமல்லர் என்றாலும் அவர் கதையிலிருந்து இதைக் கழித்துவிட முடியாது. 1883-இல் கிரீன்லாந்தின் உட்பகுதியில் பனியில்லாத நிலம் இருக்கும் என்று நம்பிப் போனார். அங்கே இருந்தது பனி மட்டுமே. அந்தக் கணக்கு தவறியது.

ஆனால் அதே கிரீன்லாந்தில் 1870-இல் அவர் ஒரு சிறிய பொருளைக் கவனித்திருந்தார். பனிமேல் கருமையான தூள் படிந்து கிடந்தது. அந்தத் தூள் வெயிலை உறிஞ்சிச் சூடேறி, தன் கீழுள்ள பனியை உருக்கிக் குழி பறித்தது. அதற்குக் ‘கிரையோகோனைட்’, அதாவது பனித்தூள், என்று பெயரிட்டார். இன்று பனி உருகுவதை ஆராய்பவர்கள் அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். கப்பல் புகைபோக்கிகளின் கரியும் பனிமேல் விழுந்து அதே வேலையைச் செய்கிறது.

பிற்காலத்தில் அவர் பழைய நிலப்படங்களைத் திரட்டி 1889-இலும் 1897-இலும் பெரும் படநூல்களை வெளியிட்டார். 1901 ஆகஸ்டு 12-இல் சுவீடனில் காலமானார். அவர் சேர்த்த நிலப்படங்களை, அவரை ஒருகாலத்தில் வெளியேற்றிய ஹெல்சிங்கி நகரின் பல்கலைக்கழகமே வாங்கிக் கொண்டது. 1997-இல் யுனெஸ்கோ அத்தொகுப்பை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. மண்ணை விட்டு அனுப்பப்பட்டவர் படமாகவும் ஏடாகவும் வீடு திரும்பினார். வேகா மீண்டும் வேட்டைக்கே போய், 1903-இல் கிரீன்லாந்து அருகே மூழ்கியது.

பணம் கொடுத்த சிபிரியகோவ் என்ன ஆனார்? செல்வமெல்லாம் கரைந்து பிரான்சின் நீஸ் நகரில் வறுமையில் வாழ்ந்தார். சுவீடன் அரசு தந்த உதவித் தொகை அவரைத் தாங்கியது. 1932-இல் ஒரு சோவியத் பனியுடைப்புக் கப்பல் குளிர்காலத்தில் எங்கும் தங்காமல் ஒரே பருவத்தில் வடகடல் முழுவதையும் கடந்தது. அதன் பெயர் ‘அலெக்சாண்டர் சிபிரியகோவ்’. மறு ஆண்டு அவர் மறைந்தார். 1906-இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கி, 1908-இல் சிறை சென்று, கடைசியில் வறுமையில் வாடிய நம் வ.உ.சி.யை நினைக்காமல் இதைப் படிக்க முடியவில்லை. கடல் வழி திறந்தவர்கள் எந்த நாட்டிலும் அதன் இலாபத்தைப் பார்த்ததில்லை போலும்.

இனி அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். அந்தப் பதிலையும் நோர்டென்ஷோல்டே பாதி எழுதி வைத்திருந்தார். ஐரோப்பாவிலிருந்து யெனிசெய் வரை வணிகக் கப்பல்கள் நிச்சயம் போகலாம்; ஆனால் ஐரோப்பாவிலிருந்து பசிபிக் வரை முழு வழியும் ஆண்டுதோறும் நம்பத் தகுந்த வணிகப் பாதையாகுமா என்பது ஐயமே என்று வெற்றி பெற்ற பிறகும் அவர் நிதானமாகவே மதிப்பிட்டார். இன்றைய நிலையும் அதற்கு நெடுந்தூரத்தில் இல்லை. சோவியத் அரசு பனியுடைப்புக் கப்பல்களைக் கட்டியது. 1991-இல் ரஷ்யா பாதையை வெளிநாட்டாருக்குத் திறந்தது. 2009-இல் இரண்டு ஜெர்மானியக் கப்பல்கள் கொரியாவிலிருந்து அவ்வழியே ஐரோப்பாவுக்குப் போயின. 2018-இல் ஒரு கொள்கலன் கப்பல் சோதனையாகப் போனது. யோக்கஹாமாவிலிருந்து ரோட்டர்டாமுக்குச் சூயஸ் வழியைவிட வடக்கு வழி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. ஆனால் 2024-இல் அங்கே சென்ற சுமார் 38 மில்லியன் டன் சரக்கில் பெரும்பகுதி ரஷ்யாவின் சொந்த எண்ணெயும் எரிவாயுவும்தான். முழுப் பாதையையும் கடந்த சரக்கு சுமார் 3 மில்லியன் டன். நம் நீரிணையிலோ ஆண்டுக்கு 80,000-க்கும் அதிகமான கப்பல்கள் போகின்றன. கொள்கலன் கப்பலுக்குக் குறுக்கு வழி மட்டும் போதாது. குறித்த நாளில் போய்ச் சேரவும் வேண்டும், வழியில் இறக்கி ஏற்றத் துறைமுகங்களும் வேண்டும். ஆகவே அப்பாவின் இரும்புத் தண்டு அவ்வளவு சீக்கிரம் ஓய்ந்துவிடாது.

ஆனால் நான் அப்பாவிடம் சொல்ல வேண்டிய இன்னொரு செய்தியும் இருந்தது. கடலில் மிதக்கும் பனி உருகுவதால் மட்டும் கடல் மட்டம் உயர்ந்துவிடாது. கிரீன்லாந்தின் நிலத்தின் மேல் கிடக்கும் பனி உருகினால் உயரும். அது முழுவதும் உருகினால் உயர்வு ஏறக்குறைய 7 மீட்டர் என்கிறார்கள். அது ஒரு நாளில் நடக்காது; பல நூற்றாண்டுக் கணக்கு. ஆனால் செங்காராங், ரெங்கிட் பக்கம் கடல்நீர் தோட்டத்துக்குள் புகாமல் தடுக்கும் மண்கரைகளுக்கு அரை மீட்டரே பெரிய செய்தி. அங்கே செம்பனையும் தென்னையும் வைத்திருக்கும் எங்கள் உறவினர்களுக்கு இது தெரியும். கப்பல் வழி மாறுமோ என்று அஞ்சிய நாம், அந்த வழியைத் திறக்கும் வெப்பம் நம் வாசலுக்கு வருவதை எண்ணிப் பார்க்கவில்லை.

அடுத்த விடுமுறையில் மின்யாக் பெக்கு பாறையில் உட்கார்ந்து இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். தூண்டிலைப் பார்த்தபடியே கேட்டுக் கொண்டிருந்தார். வேலை இருக்கும் என்றதற்கு அவர் பெரிதாக மகிழவில்லை. கரை தாங்குமா என்பதற்கு ஒன்றும் சொல்லவில்லை. வேகா எந்தப் பக்கமாகப் போயிருக்கும் என்று மட்டும் கேட்டார். நான் கையை நீட்டித் தெற்கிலிருந்து வடமேற்காகக் காட்டினேன். இருட்டும் வரை அந்தத் திசையையே பார்த்துக் கொண்டிருந்தார்.

பிறகு அம்மா தொலைபேசியில் ஒன்று சொன்னார். காலை வேனில் அப்பா உடன் வேலை செய்பவர்களுக்கு, பனியில் பத்து மாதம் நின்றும் ஓர் ஆளைக்கூட இழக்காமல் நம் ஊர்ப் பக்கமாகப் போன கப்பலின் கதையைச் சொல்லிக் கொண்டு போகிறாராம். கப்பல்காரர் பெயர் மட்டும் அவர் வாயில் நுழையவில்லையாம். அந்தப் பெயரைத் தமிழில் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார். இந்தக் கட்டுரையின் முதல் படியை அவருக்கே அனுப்புகிறேன்.